உன் செய்மதி எங்கள் வெள்ளத்தைப் பார்த்த நாள்

மகள்,

உனக்கும் அங்கே உன்னோடு இருப்பவர்களுக்கும் வாப்பாவின் ஸலாம். போன வெள்ளிக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய். "வாப்பா, இங்கத்த அரசாங்கம் பழைய ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வரச்சொல்லுது. கம்பனி போக வேணாமெண்டு நிக்குது. நான் எந்தப் பக்கம் போற?" ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். உண்மையில் நேரம் இருந்தது. பதில்தான் இருக்கவில்லை. அன்று முழுக்க யோசித்தேன். உனக்குப் பதில் சொல்வதென்றால், இத்தனை வருடமாக உன்னிடம் மறைத்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும் என்று விளங்கியது. அதை உன் காதில் மட்டும் சொன்னால் போதாது என்பதும் விளங்கியது. அதனால்தான் மற்றவர்களும் வாசிக்கும்படி எழுதுகிறேன். பயப்படாதே, இது துக்கக் கடிதம் இல்லை. கனகாலம் சுமந்ததை இறக்கிவைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து எழுதுகிற கடிதம்.

வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ கல்முனையில் படித்து, கொழும்பில் பொறியியல் முடித்து, புலமைப்பரிசிலில் வெளிநாடு போனவள். அந்த நாட்டு அரசாங்கத்தின் விண்வெளி ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடம் ஒரே ஒரு கருவியைச் செய்தாய். அது ஒரு ராடார். செய்மதியில் பூட்டி மேலே அனுப்பினால், மேகம் மூடியிருந்தாலும் தரையையும் தண்ணீரையும் பிரித்துப் படமெடுக்கும். முதன்முதலில் நீ அதை விளங்கப்படுத்தியபோது நான், "அப்ப மழைக்குள்ளயும் பாக்குமா?" என்று கேட்டேன். "மழைக்குள்ளதான் வாப்பா பாக்கணும். வெயிலடிக்கக்குள்ள வெள்ளத்தப் பாத்து என்ன செய்யிற?" என்றாய். முப்பது வருடத்துக்கு மேல் நீர்ப்பாசன வேலையில் ஓவசியராக இருந்த எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் பட்டது. ஏன் பட்டது என்பதை அன்று உனக்குச் சொல்லவில்லை.

உன் உம்மாவுக்கு அது படவில்லை. அவள் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "ஆகாசத்துக்கு அனுப்புற காசில கிட்டங்கித் தாம்போதிய உசத்திக் கட்டலாமே?" கல்முனையிலிருந்து சவளக்கடைப் பக்கம் போகிற, தண்ணீர் மேலால் ஓடும்படி தாழக் கட்டிய அந்தத் தாம்போதிப் பாதை பெருமழைக்கெல்லாம் மூழ்கிவிடும். அக்கரை அக்கரையாகவும் இக்கரை இக்கரையாகவும் கிடக்கும். அது வேறு நாட்டின் காசு என்று நீ சொன்னாய். "எந்த நாட்டுக் காசெண்டாலும் மனிசன்ட காசுதானே" என்றாள் அவள். நீ சிரித்துக்கொண்டு, "ரெண்டும் வேணும் உம்மா" என்றாய். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய கேள்வி பிழையான கேள்வி என்று நானும் சொல்லமாட்டேன்.

ஒன்பதாவது வருடம் அங்கே ஆட்சி மாறியது. புதிய வரவுசெலவுத் திட்டத்தில் உங்கள் திட்டத்தின் பெயர் இருக்கவில்லை. கருவி முடிந்து, கடைசிப் பரிசோதனை மட்டுமே மிச்சம். அதை வெள்ளி நிறப் பையில் சுற்றிக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினார்கள் என்று நீ சொன்னபோது உன் குரல் உன் குரலாக இல்லை. நானோ, "அரசாங்க வேலதானே மகள், வேற பிரிவுக்குப் போடுவாங்க, பென்ஷனுக்கு ஒண்டும் ஆகா" என்று ஆறுதல் சொன்னேன். நீ, "வேலையப் பத்தி ஆரு கேட்ட வாப்பா?" என்று மட்டும் சொன்னாய். உன் ஒன்பது வருட உழைப்பு மையித்துப் போலப் பையில் கிடக்கிறது என்று நீ அழுதிருக்கிறாய். நான் உன் பென்ஷனைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டால் கரை சேர்ந்ததாக நினைக்கிறவர்கள் நாங்கள். கரையிலும் ஆள் மூழ்கலாம் என்பது எனக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் அந்தக் கம்பனி வந்தது. அதன் தலைவி உன்னைவிடச் சில வயது மூத்த ஒரு பெண். பத்துப் பன்னிரண்டு முதலீட்டாளர்களின் பணத்தில் சிறிய செய்மதிகள் செய்து, தனியார் ரொக்கெட்டில் ஏற்றி அனுப்புகிற கம்பனி. களஞ்சியத்தில் கிடந்த கருவியை அரசாங்கத்திடமிருந்து பொறுப்பெடுக்கவும், உங்கள் குழுவை அப்படியே சேர்த்துக்கொள்ளவும் அவர்கள் தயார். நீ சந்தோசப்பட்டாய். நான் பயந்தேன். "லாபம் இல்லாட்டி ஒரே நாளில கையக் கழுவிருவாங்க" என்றேன். "அரசாங்கமும் அதத்தானே வாப்பா செஞ்ச" என்றாய். அது உண்மை, அதனால் கோபப்பட்டேன்.

இப்போது நான் வெட்கப்படுகிற அந்தத் தொலைபேசி அழைப்புக்கு வருகிறேன். கைமாற்றுகிற ஒப்பந்தத்தில், கருவி எடுக்கிற ஒவ்வொரு படமும் கம்பனியின் சொத்து, விற்பதற்கு மட்டும் என்று இருந்தது. காப்புறுதிக்காரர், கப்பல்காரர், பெரிய தோட்டக்காரர், இவர்கள்தான் வாங்குகிறவர்கள். நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடம் மக்களின் வரிப்பணத்தில் செய்த கருவி, வெள்ளமோ புயலோ வந்தால் எந்த நாடாக இருந்தாலும் அங்கே படம் உடனே, இலவசமாகப் போக வேண்டும், அப்படி எழுதினால்தான் நானும் என் குழுவும் வருவோம் என்று நின்றாய். முதலீட்டாளர்கள் போய்விடுவார்கள் என்று தலைவி சொன்னாள். அன்று பின்னேரம் நீ என்னிடம் யோசனை கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். "வாயப் பொத்திக்கிட்டுக் கையெழுத்தப் போடு மகள். மேல உள்ளாக்கள் எழுதுறத நம்மளுக்கு மாத்த ஏலா. கிடச்ச இடத்த விட்டுறாத." நீ, "சரி வாப்பா, வெக்கன்" என்று வைத்தாய். என் சொல்லை நீ கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், நீ கேட்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

நீ முதலாம் வகுப்புப் படித்த காலம். மேற்கே ஒரு குளத்தில் எனக்கு வேலை. குளத்தின் பெயர் வேண்டாம், இங்கே பிழை குளத்தினுடையது அல்ல. மூன்று நாள் மழை விடவில்லை. தண்ணீர் கட்டின் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. நண்பகலுக்கு மேலதிகாரி ஜீப்பில் வந்து வான்கதவுகளைத் திறக்கச் சொன்னார். திறக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கட்டே உடைந்துபோகும். நான், "கீழ ஊராக்களுக்குச் சொல்லியாச்சா சேர்?" என்று கேட்டேன். "அத வேற ஆக்கள் பாப்பாங்க. நீ கதவத் திற" என்றார். என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கீழே ஓடிப்போய் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கட்டு அந்த ஒரு மணித்தியாலம் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும், தண்ணீர் அளக்கிற கோலை வாசிக்கிறவன் நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கதவைத் திறந்தேன்.

இரண்டு நாளைக்குப் பிறகு சேதம் அளக்க என்னைத்தான் அனுப்பினார்கள். அங்கேதான் தம்பிராசாவை முதன்முதல் கண்டேன். சவளக்கடைக்கு அங்கால், ஆற்றோரத்தில் வயல் செய்கிற மனிதர். வீடு இருந்த இடத்தில் நாலு மரக்கப்பு மட்டும் தூணாக நின்றது. மாடுகள் போய்விட்டன. மூன்று வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை வரைக்கும் ஒரு புளியமரத்தில் இருந்திருக்கிறார். இரவல் கோப்பையில் எனக்குப் பிளேன்ரீ தந்துவிட்டு, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு அவர் சொன்னார்: "ஆரும் ஒரு சொல்லுச் சொல்லல்ல காக்கா. நாய் குரைச்சிது, திரும்பிப் பாத்தன், தண்ணி வாசலுக்கு வந்திட்டு." அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போனேன். மேசையில் விசாரணைக் கடதாசி இருந்தது. அதில், கீழ்ப்பகுதி மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது என்று தட்டெழுத்தில் ஒரு வரி. அதன் கீழே கதவைத் திறந்தவன் என்ற முறையில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய வருடம் அது. போட்டேன் மகள். பேனை நன்றாக எழுதியது.

அதற்குப் பிறகு தம்பிராசாவோடு எனக்கு உண்டான பழக்கம் உனக்குத் தெரியும். நாம் அவரிடம்தான் நெல் வாங்கினோம். விடுமுறைக்கு உன்னை அவருடைய வயலுக்குக் கூட்டிப்போனேன். நீ அவரை மாமா என்று கூப்பிட்டாய். ஊரில் எல்லோரும் இதை நல்ல சிநேகிதம் என்றார்கள். அது சிநேகிதமும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் ஒரு களவு இருந்தது. நான் அவருடைய வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த ஒரு வரியும் என்னோடு வந்து உட்கார்ந்தது. அப்படிப்பட்டவன்தான் உன்னிடம் வாயைப் பொத்து என்று சொன்னேன். என் பயத்துக்கு உன்னையும் துணைக்குக் கூப்பிட்டேன்.

பிறகு நடந்தது சுருக்கம். கருவியைக் கைமாற்றிய அரசாங்க அதிகாரி ஒருவர் உன் பக்கம் நின்று, உன் கோரிக்கையையே நிபந்தனையாக எழுதினார். முதலீட்டாளர் ஒருவர் விலகிப்போனார், மற்றவர்கள் நின்றார்கள். அதோடு முடிந்ததா? உங்கள் செய்மதிக்கு முன் போன ரொக்கெட் நடுவானில் திரும்பிக் கடலில் விழுந்தது. அந்தக் காட்சியை நீ அனுப்பியபோது உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "இனி ஆரு காசு போடுவான்?" என்றாள். நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் ஒரு சில மாதத்துக்குள் பிழையைக் கண்டுபிடித்து, அடுத்ததை ஏவுதளத்தில் நிறுத்தி, ஏவினார்கள். உன்னுடையது போய்ச் சேர்ந்தது. அன்று காலை நீ ஒரு சொல் அனுப்பினாய்: "கதைக்குது வாப்பா." மேலே போன கருவி கீழே பதில் சொல்கிறது என்ற அர்த்தம் விளங்க எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் உம்மாவை எழுப்பினேன். அரசாங்கமாக இருந்திருந்தால் அந்த விழுந்த ரொக்கெட்டைப் பற்றி இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய். சரிதான். ஆனால் கம்பனியாக இருந்திருந்தால், ஒரு கருவி வேலை செய்யுமா என்று பார்க்க ஒன்பது வருடம் உனக்குச் சம்பளம் தந்திருப்பார்களா? ஒன்று பொறுத்தது. மற்றது விழுந்தவுடன் எழும்பியது. இரண்டும் இல்லாமல் நீ அந்த உயரத்துக்குப் போயிருக்க மாட்டாய்.

இனி அந்த மழைக்கு வருகிறேன். பெரும்போகம் விதைத்து மூன்று கிழமை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றார்கள், நாலு நாள் வானம் திறந்து கொட்டியது. தாம்போதி மூழ்கி, பாதை மூடப்பட்டது. மின்சாரம் இல்லை. எதிர்வீட்டுக்காரரின் வான் வண்டிப் பற்றரியில் தொலைபேசிக்கு உயிர் கொடுத்து வைத்திருந்தேன். பகல் இரண்டரை மணிபோல நீ எடுத்தாய். செய்மதி எங்கள் கரையைக் கடந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. காசு கொடுத்த ஒருவரின் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அதை எங்கள் பக்கம் திருப்பச் சொன்னது உங்கள் தலைவிதான் என்றாய். அந்தப் பெண்ணைப் பற்றி நான் முன்பு சொன்ன எல்லாவற்றையும் அப்போதே வாபஸ் வாங்கினேன். படம் இங்குள்ள அனர்த்தப் பிரிவுக்கும் போய்விட்டது, ஆனாலும் நீங்களும் பாருங்க என்றாய்.

சிக்னல் வந்து வந்து போனது. படம் துண்டு துண்டாக இறங்கியது. ஒன்றும் விளங்கவில்லை, சாம்பலும் கறுப்புமாக இருந்தது. "கறுப்பெல்லாம் தண்ணி வாப்பா. வெள்ளப் புள்ளியெல்லாம் வீடு" என்றாய். உம்மாவின் கண்ணாடியையும் வாங்கி என் கண்ணாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஊர் தெரிந்தது. சம்மாந்துறைப் பக்கத்து வயல் வட்டைகள் ஒரே கறுப்பு. "இது பரவால்ல மகள், வெதச்ச வயல், தண்ணி நிக்கத்தான் செய்யும்" என்றேன். ஆற்றைக் கண்டேன், வாய்க்காலைக் கண்டேன். அதற்கு மேற்கே, மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது.

"இதென்ன வாய்க்கால்?" என்று நீ கேட்டாய். அங்கே வாய்க்கால் இல்லை. எனக்கு அந்த நிலம் காலாலே தெரியும். "நேத்தய படம் இரிக்கா? கெதியா அனுப்பு." அனுப்பினாய். நேற்றைய படத்தில் அந்த வளைவு இல்லை. அது பழைய ஆற்றுப் பள்ளம். என் வாப்பாவின் காலத்தில் ஆறு அந்த வழியாகத்தான் ஓடியதாம். பிறகு தூர்ந்து, உழுது, வயலாகி, அங்கே ஆறு இருந்ததே ஆட்களுக்கு மறந்துவிட்டது. தண்ணீருக்கு மறக்கவில்லை. மேலே எங்கோ கரை உடைத்து அந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அது போய் முடிகிற இடம் தம்பிராசா இருக்கிற குடியிருப்பின் பின்பக்கம்.

நீ அனர்த்தப் பிரிவோடு கதைக்கிறேன் என்று வைத்தாய். நான் தம்பிராசாவுக்கு எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்று முறை. நாலாவது முறை எடுத்தார்.

"சொல்லுங்க காக்கா. மண் மூட்ட அடுக்கிறம், கை ஓயல்ல."

"எங்க அடுக்கிறீங்க?"

"முன்னுக்குத்தான். ஆத்துப் பக்கம். இன்னும் ரெண்டு முழம் கிடக்கு, பயமில்ல."

"முன்னுக்கு வராது தம்பிராசா. பின்னுக்கு வருது. பழைய ஆத்துப் பள்ளத்தால இறங்கிட்டு."

"பின்னுக்கு வயல் காக்கா. அங்க என்ன ஆறு?"

"ஒங்கட அப்பாட காலத்து ஆறு. என்ட மகள்ட செய்மதி படம் எடுத்திரிக்கி, இப்ப என்ட கையில இரிக்கி. நேத்து இல்ல, இண்டைக்கு இரிக்கி."

மழைச் சத்தத்துக்கு மேலால் அவர் கேட்டார்: "நிச்சயமா சொல்றீங்களா? வயசாளியெல்லாம் இரிக்காங்க. இந்த மழைக்குள்ள கிளப்பி, மறுகா ஒண்டும் வராட்டி என்னத் திண்டிருவாங்க."

"வராட்டி என்னத் திட்டச் சொல்லுங்க. நம்பர் குடுங்க எல்லாருக்கும். இப்ப கிளப்புங்க. மூட்டயப் போட்டிட்டுக் கிளப்புங்க!"

நான் கத்தியது அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கும். உம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டாள். தம்பிராசா, "ஓம் காக்கா" என்று சொன்னார். தொலைபேசி அறுந்தது. அதற்குப் பிறகு எடுபடவே இல்லை.

அந்த இரண்டரை மணித்தியாலத்தை நான் எழுதமாட்டேன். அஸர் தொழுதேன், என்ன ஓதினேன் என்று தெரியாது. உம்மா தேநீர் ஊற்றி வைத்தாள், அப்படியே ஆறிப்போனது. பொழுதுபடும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் தெரியாத நம்பரில் ஒரு அழைப்பு வந்தது. தம்பிராசா. மேட்டில் உள்ள பள்ளிக்கூடத்திலிருந்து யாருடைய தொலைபேசியிலோ. "காக்கா, எல்லாரும் இரிக்கம். ஒருத்தரும் குறையல்ல. உழவு மெசின் ரெண்டில ஏத்தி இறக்கினம். கடைசிப் பயணம் வரக்குள்ள மெசின் பெட்டிக்குள்ள தண்ணி. பின்னாலதான் வந்திச்சு காக்கா, வயலுக்குள்ளால, ஒரு சத்தமும் இல்லாம." அவர் அழுதார். நான் உன்னை எடுத்து, "மகள், எல்லாரும் இரிக்காங்க" என்றேன். நீ திரும்பி அதை அங்குள்ளவர்களுக்குச் சொன்னாய். உன் பின்னால் ஆட்கள் கை தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த அறையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குச் சவளக்கடை எங்கே என்று தெரியும்? தட்டினார்கள். உம்மா நிலத்தில் உட்கார்ந்து இறைவனுக்கு ஷுக்ர் செய்தாள். கொஞ்சம் கழித்து, "அந்தத் தாம்போதியையும் கட்டத்தான் வேணும்" என்றாள்.

ஒன்பது நாளில் தண்ணீர் வடிந்து பாதை திறந்தது. அன்றைக்கே போனேன். தம்பிராசா சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டாரெல்லாம் வந்தார்கள். "இந்த மனிசன்தான்" என்றார்கள். ஒருவர் எனக்குக் கதிரை கொண்டுவந்தார். அந்தக் கதிரையில் என்னால் உட்கார முடியவில்லை மகள். அவரை ஒரு பக்கம் கூட்டிப்போய், அந்தப் பழைய வெள்ளத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார் சைக்கிளைச் சொன்னேன். அவர் தந்த தேநீரைக் குடித்த பிறகு கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார், திரும்ப எடுத்தார். "ஒரு ராத்திரி முழுக்க என்ட புள்ள மரத்தில கத்தினவள்" என்றார். பிறகு, "அந்தக் கடதாசி இன்னும் இரிக்கா?" என்று கேட்டார்.

"கந்தோரில பழைய கோவைக் கட்டுக்குள்ள இரிக்கும்."

"எங்களுக்குச் சொன்னதெண்டு அதில கிடக்கா?"

"ஓம்."

"அப்ப, சொல்லியும் நாங்க போகல்ல எண்டுதானே வாசிக்கிறவன் நினைப்பான்? எங்கட ஆக்கள் மடையன் எண்டுதானே?" இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என் பாவத்தை என்னுடையதாக மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த வரி அவர்களுடைய தலையில் கிடந்தது. "மாத்தி எழுதுங்க காக்கா. எழுதிக் கந்தோருக்குக் குடுங்க. மறுகா நாம கதைப்பம்" என்று சொல்லிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். இரண்டு பக்கம். எந்த அதிகாரியின் மேலும் பழி போடவில்லை, நான் செய்ததையும் செய்யாததையும் மட்டும் எழுதினேன். அனுப்புமுன் அவரிடம் கொண்டுபோனேன். வாசலில் நின்றுகொண்டே எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து, "மூணு மாடு இல்ல, அஞ்சு" என்றார். பேனையை வாங்கி அவரே திருத்தினார். பிறகுதான் உள்ளே வரச் சொன்னார். பகல் லுஹர் வரைக்கும் இருந்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய மகளின் கல்யாணத்தைப் பற்றியும், அழிந்த விதைப்பைப் பற்றியும், மறுபடி விதைக்க நேரம் இருக்கிறதா என்பதைப் பற்றியும் கதைத்தோம். அதற்கு முன்னால் அவர் வீட்டில் நான் அப்படி நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை.

இனி உன் கேள்வி. அரசாங்கமா, கம்பனியா? எனக்குத் தெரியாது மகள். முன்பென்றால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்து ஆளை நல்லவர், கெட்டவர் என்று பிரித்து வைத்திருந்தவன் நான். உன் திட்டத்தை வெட்டியது அரசாங்கம், உன் நிபந்தனையை எழுதித் தந்ததும் அதே அரசாங்கத்தின் ஒரு மனிதர். படத்தை விற்க நின்றது கம்பனி, காசுக்காரனைத் தள்ளிவைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பியதும் அதே கம்பனி. புதிய கருவிக்கு இன்னும் பத்து வருடம் வேண்டுமென்றால் பொறுக்கிற இடத்துக்குப் போ. இருக்கிற ஒன்றை நாலாக்கி மேலே அனுப்பினால் நாளைக்கே வேறு ஒரு ஊருக்கு உதவும் என்று நினைத்தால், அங்கேயே இரு. எங்கே போனாலும் ஒரு நாள் உன் முன்னால் ஒரு கடதாசி வரும், அதில் ஒரு வரி பொய்யாகவோ அநியாயமாகவோ இருக்கும். அப்போது கையெழுத்தை மறுக்கிற தைரியம் உனக்கு இருக்கிறது என்பதை நான் ஏற்கெனவே கண்டுவிட்டேன். அதனால் எனக்கு உன்னைப் பற்றி இனிக் கவலை இல்லை. இதைச் சொல்ல எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா?

உம்மா பக்கத்தில் இருந்துகொண்டு, வருகிற நோன்புக்காவது வரச்சொல் என்கிறாள். வந்தால் உன்னைப் பார்க்கத் தம்பிராசாவின் ஊரார் வருவார்கள், ஆயத்தமாக வா.

எழுதி முடிக்கும் நேரம் தபால்காரர் வந்துவிட்டுப் போனார். நான் திருத்தி அனுப்பிய கடிதத்துக்குக் கந்தோரிலிருந்து பதில். யாரோ ஒரு இளம் உத்தியோகத்தரின் கையெழுத்து, அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன் நடந்த கதையாக இது இருக்கும். ஒரே ஒரு வரிதான்: "தங்களது கடிதம் கிடைக்கப்பெற்று, குறித்த கோவையில் சேர்க்கப்பட்டது." நான் அதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, தம்பிராசாவுக்குக் காட்டப் புறப்பட்டுவிட்டேன்.

துஆக்களோடு,
வாப்பா